இடது கையால் நீட்டிய சாவி

இராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் போகும் சாலையில், ஊர் முடிந்து உவர்நிலமும் கருவேலங்காடும் தொடங்குகிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. 'பம்பு பூமி ஒர்க் ஷாப்' என்று கேட்டால் பஸ் கண்டக்டர் விசிலடித்து இறக்கிவிடுவார். கிணற்று மோட்டார் பழுது பார்க்கிறவர் என்று நினைத்து, மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்கிய விவசாயிகளும் உண்டு. கார் மெக்கானிக்கான பூமிநாதன் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, சரியான கடைக்கு வழி சொல்லி அனுப்புவார். பெயர் வந்த காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்.

மற்றவர்கள் சொல்வார்கள். "நல்லாருந்த பம்பைக் கழட்டிப் போட்டுட்டு, நாலு மாசம் கழிச்சு அதையே திருப்பி மாட்டுன ஆளுய்யா இவரு!"

கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரித்து வைப்பார். ஊர் சொல்லும் கதையில் பொய் ஒன்றும் இல்லை. பாதிக் கதைதான் இல்லை. முழுக்கதையை அவர் இரண்டே தடவைதான் வாய் திறந்து சொல்லியிருக்கிறார். இரண்டு தடவையும் யார் முகத்தையும் பார்க்காமல்தான் சொன்னார்.

2003-இல் அவருக்கு அந்தப் பெயர் இல்லை. அப்போது அவர் கையே வைக்காமல் வியாதி சொல்கிற பூமி. வண்டி கொட்டகைக்குள் நுழையும்போதே காதைச் சாய்த்துக் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்பார். திறந்து பார்த்தால் அதுவாகத்தான் இருக்கும். மதுரைக் கம்பெனிக்காரன் ஒரு வாரம் வைத்திருந்தும் கண்டுபிடிக்காததை அவர் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கண்டுபிடித்ததாகக் கதைகள் இருந்தன. அந்தக் கதைகளை அவர் மறுத்ததில்லை. சொத்து என்று அவருக்கு இருந்தது அந்தக் கொட்டகையும் அந்தப் பேரும்தான். பேர்தான் பெரியது.

அவருடைய சொந்த ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு என்று நாள் ஓடும் ஊர். அய்யா கூத்தையா இன்னொருவர் மிளகாய்க் காட்டில் வேலை பார்த்தவர். மிளகாய் வத்தல் மூட்டை தைக்கிற நாளில் காட்டுக்காரர் கோணி ஊசியை இடது கையால் நீட்டுவார். வலது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருக்கும். அய்யா குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். பூமிக்கு அப்போது ஏழு வயது இருக்கும். "அவரு வலது கைக்கு என்னாச்சு அய்யா?" என்று கேட்டான். அய்யா மூன்று மூட்டை தைத்து முடித்த பிறகுதான் சொன்னார்: "அவரு கைக்கு ஒண்ணுமில்லலே. நமக்கு இது போதும்னு குடுக்காரு."

அதற்குப் பிறகு இடது கையால் எதை யார் நீட்டினாலும் பூமிக்கு உடம்பு எரியும். பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறவனிடம்கூட ஒருமுறை சண்டை பிடித்திருக்கிறார்.

அந்தப் பங்குனி மாதத்தில் ஒரு நாள் சதக்கத்துல்லா வந்தார். திருப்பாலைக்குடிக்காரர். பதினெட்டு வருடம் வளைகுடாவில், துறைமுகத்தில் வேலை பார்த்துவிட்டு, வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. இருந்திருந்து ஒரு பழைய வெள்ளைக் கார் வாங்கியிருந்தார். வயதான கார்தான், ஆனால் பவர் ஸ்டியரிங் உள்ளது. இந்தப் பக்கத்தில் அப்போது அது அபூர்வம். சிறு பிள்ளைகூட ஒரு விரலால் திருப்பலாம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் திருச்சி விமான நிலையத்தில் போய் ஏற்றி வருவதுதான் அவருக்குப் பிழைப்பு.

அவரைப் பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. திமிர் பிடித்தவர் என்றார்கள். கல்யாண வீட்டுக்கு வந்தால் வாசலோடு போய்விடுகிறார், நாலு பேரோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட மாட்டேன் என்கிறார், வெளிநாட்டுப் பணம் இப்படித்தான் பண்ணும் என்றார்கள். அது பூமிநாதன் காதுக்கும் வந்திருந்தது.

அன்று முழுக்கைச் சட்டை, வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள். காரிலிருந்து இறங்கினார். "ஸ்டியரிங்ல ஆயில் ஒழுகுது மெக்கானிக்கு. திடீர்னு இறுகிப் போகுது. பாருங்க" என்றார். சாவியை இடது கையால் நீட்டினார்.

பூமிநாதன் அந்தக் கையைப் பார்த்தார். பாக்கெட்டில் கிடந்த மற்றொரு கையைப் பார்த்தார். சாவியை வாங்கவில்லை. "அங்கன வைங்க" என்று பெஞ்சைக் காட்டினார்.

கோளாறு என்ன என்று பானெட்டைத் தூக்கிய கணத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது ஒரு பெல்ட் பம்பைச் சுழற்றும். பம்பு எண்ணெயை அழுத்தத்தோடு தள்ளும். அந்த அழுத்தம் சக்கரத்தைத் திருப்ப உதவும். பம்பில் பழுதில்லை. எண்ணெய் போகிற ஹோஸின் இரும்பு முனையைக் கடற்காற்று அரித்திருந்தது. அவ்வளவுதான். மதுரையில் சொல்லிவைத்தால் பத்து நாளில் புது ஹோஸ் வந்துவிடும்.

"பம்பு போச்சு பாய்" என்றார்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று பின்னால் பல தடவை யோசித்திருக்கிறார். யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு, திருத்திக்கொள்ள நேரம் இருந்தது.

"வேற பம்பு?"

"இந்த மாடலுக்கெல்லாம் இப்பக் கிடைக்காது. பவரைக் கழட்டிட்டு மேனுவலா மாத்திருவோம். ஆயிலும் இல்ல, ஒழுக்கும் இல்ல."

சதக்கத்துல்லா காரையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல வெயில். சாலையில் இரண்டு மணல் லாரிகள் போயின.

"கனமா இருக்குமா?"

"லாரி ஓட்டுறவனெல்லாம் மனுசன் இல்லையா? ரெண்டு கை இருக்குல்ல, திருப்புங்க."

கொட்டகையின் மூலையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த வீரபத்திரன் இதைக் கேட்டு 'ஹிஹி' என்று சிரித்தான். பூமிநாதனுக்கு ஊர்க்காரன், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. சதக்கத்துல்லா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. "சரி, செய்ங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறப் போய்விட்டார்.

மேனுவலாக மாற்றுவதிலும் ஒரு முறை இருக்கிறது. சக்கரங்களைத் தள்ளுகிற பல்கம்பியை 'ராக்' என்பார்கள். பவர் வண்டிக்கு ஒரு ராக், சாதாரண வண்டிக்கு வேறு ராக். சாதாரண ராக்கைப் போட்டால் ஸ்டியரிங்கை இன்னும் ஒரு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டும், ஆனால் கையில் கனம் குறையும். மதுரைப் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். அதைத் தேடாமல், பம்பையும் பெல்ட்டையும் கழற்றிவிட்டு, பழைய ராக்கின் இரண்டு வாயையும் ஒரு சின்னக் குழாயால் இணைத்துவிட்டால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். வண்டி ஓடும். ஆனால் திருப்புவது, உரலைக் கட்டிக்கொண்டு சுற்றுகிற மாதிரி இருக்கும்.

"ஏலே பூமி, ராக்கு மாத்தலையா?" என்று வீரபத்திரன் கேட்டான்.

"இவனுக்கு இது போதும்."

தன் வாயிலிருந்து வந்தது யாருடைய சொல் என்பது பூமிநாதனுக்கு அன்று உறைக்கவில்லை.

நாலு நாள் கழித்துத்தான் சதக்கத்துல்லா வந்து காரை எடுத்தார். பூமிநாதன் முதுகைத் திருப்பிக்கொண்டு சோப்புப் போட்டுக் கை கழுவினார். பின்னால் டயர் சரளையில் அரைபடுகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. ஒரு காரைச் சாலைக்குத் திருப்ப இவ்வளவு நேரமா என்று தோன்றியது. திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஆடி பிறந்தது. காற்று மணலை வாரி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், தேவிபட்டினம் மஹ்மூதின் மீன் வேன் திருப்பாலைக்குடியில் நின்றுவிட்டது என்று ஆள் வந்தது. மஹ்மூதுக்கு நாலு வேன். நாலுக்கும் பூமிநாதன்தான் மெக்கானிக். போய்ச் சரிசெய்துவிட்டு, பள்ளிவாசல் முடுக்கில் சுஐபு டீக்கடையில் மஹ்மூதோடு உட்கார்ந்தார். கடைக்கு எதிரே தெரு ஒடித்துத் திரும்பும். ஒரு கார் ஒரே வளைவில் திரும்ப இடமில்லை; முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை போய் வர வேண்டும்.

அந்த வளைவில் வெள்ளைக் கார் வந்து நின்றது. சதக்கத்துல்லா ஸ்டியரிங்கின் மேல் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு இடது கையால் இழுத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி மஜீதா, தலைத்துணி நழுவ, சாய்ந்து இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். ஒரு சாண் திரும்பியது. கார் பின்னால் போனது. மறுபடி இழுத்தார்கள்.

கடலிலிருந்து வந்து வலை உலர்த்திக்கொண்டிருந்த இளவட்டங்கள் பார்த்துவிட்டார்கள். ஒருவன் ஆரம்பித்தான்: "ஐலசா!" நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். கரைவலை இழுக்கிற மாதிரி, அவர்கள் இழுக்கும்போதெல்லாம், "ஐலசா! ஐலசா!"

"மூணு மாசமா இதே கூத்துதான்" என்றார் சுஐபு, டீயை ஆற்றிக்கொண்டே. "வெளிநாட்டுல பெரிய பெரிய வண்டி ஓட்டுனவராம். நம்ம ஊரு முடுக்குல திருப்பத் தெரியல."

"ரெண்டு டிரைவரு வச்ச காருப்பா அது" என்று மஹ்மூது தொடையைத் தட்டிச் சிரித்தார். "இப்ப திருச்சி சவாரியும் இல்லையாம்ல?"

"எவன் ஏறுவான்?"

பின் இருக்கையில் பள்ளிச் சீருடையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் மகள் உம்மு ஹபீபா. புத்தகத்தை விரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். அது தலைகீழாக இருந்தது.

பூமிநாதன் எழுந்து போனார். உதவத்தான் போனார், தான் செய்த வேலையை ஊர் பார்த்துச் சிரிப்பது பொறுக்காமலும் போனார். ஜன்னலுக்குள் கையை விட்டு, "விடுங்க பாய், நான் திருப்புறேன்" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிடித்தது ஸ்டியரிங்கை இல்லை. அதன் மேல் கிடந்த சதக்கத்துல்லாவின் வலது கையை.

கை சில்லென்று இருந்தது. முழுக்கைச் சட்டைக்குள் எலும்பு மட்டும் இருக்கிற மாதிரி இருந்தது. விரல்கள் மூடியிருக்கவில்லை, ஸ்டியரிங்கின் மேல் யாரோ எடுத்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தன. சதக்கத்துல்லா இடது கையால் அந்தக் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"கிரேன் கம்பி அறுந்து விழுந்துச்சு" என்றார் சதக்கத்துல்லா, உதடு அசையாமல். "யார்ட்டயும் சொல்லிராதீக மெக்கானிக்கு. கை விளங்காதவன் வண்டியில எவனும் ஏற மாட்டான். அதுக்குத்தான் தேடித் தேடி இந்த வண்டிய வாங்கினேன்."

பூமிநாதன் தலையை ஆட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்து, தன் பலம் அத்தனையும் போட்டுத் திருப்பினார். இரண்டு நல்ல கை உள்ள அவருக்கே தோள் விட்டுப்போகிற மாதிரி இருந்தது. கார் வளைவைத் தாண்டிப் போன பிறகு அவர் டீக்கடைக்குத் திரும்பவில்லை. மஹ்மூது கூப்பிட்டது காதில் விழுந்தும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்.

கொட்டகையில், பழைய சாக்குக்கு அடியில் அந்தப் பம்பு இருந்தது. எடுத்துத் துடைத்தார். விரலால் சுற்றினார். ஒரு சொரசொரப்பு இல்லாமல் சுற்றியது. ஏழு வயதில், கைக்கு என்னாச்சு என்று கேட்கத் தெரிந்திருந்தது அவருக்கு. நாற்பத்திரண்டு வயதில் தெரியவில்லை.

மறுநாள் மதுரைக்குப் போய் ஹோஸுக்குச் சொல்லிவைத்தார். வருகிற வரைக்கும் சும்மா இருக்க முடியாமல், இரண்டு தடவை திருப்பாலைக்குடி பஸ்ஸில் ஏறி, இரண்டு தடவையும் தேவிபட்டினத்திலேயே இறங்கிவிட்டார். ஹோஸ் கைக்கு வந்த பிறகு தப்பிக்க வழியில்லை. பம்பையும் ஹோஸையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றார்.

சதக்கத்துல்லா நாற்காலி போட்டார். பூமிநாதன் உட்காரவில்லை.

"பாய், அன்னைக்குப் பம்பு போகல. நல்லாத்தான் இருந்துச்சு. இந்த ஹோஸு மட்டும்தான்."

"தப்பா பாத்துட்டீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே கதவைத் திறந்துவிட்ட மாதிரிதான் கேட்டார். பூமிநாதன் தரையைப் பார்த்தார்.

"இல்ல பாய். தெரிஞ்சேதான் சொன்னேன். கனம் கொறைய வேற ராக்கு போட்டிருக்கலாம், அதையும் போடல. நீங்க சாவிய இடது கையால குடுத்தீக. எங்கய்யாவுக்கு அப்படித்தான் குடுப்பாக. அந்த எரிச்சல்ல…"

முடிக்க முடியவில்லை. சதக்கத்துல்லா மஞ்சள் பையைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "உங்க மூஞ்சிய அன்னைக்கே பாத்தேன். இடது கையால குடுக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க மார்க்கத்துலயும் அப்படித்தான். திமிர்னு நெனச்சுட்டுப் போகட்டும், விளங்காதவன்னு நெனைக்க வேணாம்னு விட்டேன். சஹனுக்கு உக்காராததும் அதான்."

இதோடு முடிந்துவிடும் என்று பூமிநாதனுக்கு ஒரு நொடி தோன்றியது. உள்வாசல் திரைக்குப் பின்னாலிருந்து மஜீதாவின் குரல் வந்தது.

"இவுக உங்கள்ட்ட ஒண்ணு கேட்டாகளாமே அன்னைக்கு. கனமா இருக்குமான்னு."

"ஆமாம்மா."

"நீங்க என்ன சொன்னீக?"

"விடு மஜீதா" என்றார் சதக்கத்துல்லா.

"அவரு வாயால சொல்லட்டும். வந்து படுத்தவுக மூணு நாளு எந்திரிக்கல. என்ன சொன்னீக?"

வெளியே காற்று தென்னையைப் போட்டு உலுக்கிக்கொண்டிருந்தது. பூமிநாதன் மஞ்சள் பையைக் கீழே வைத்தார்.

"ரெண்டு கை இருக்குல்ல, திருப்புங்கன்னு சொன்னேன்."

திரை அசையவில்லை. அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

காரைக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, இரண்டு நாளில் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார். வீரபத்திரன் சும்மா இருப்பானா? "என்னலே, நீயே கழட்டுன, நீயே மாட்டுற? பம்பு போச்சுன்னு சொன்னேல்ல?"

உண்மையைச் சொன்னால் பாயின் கை விஷயம் வெளியே வந்துவிடும். "அன்னைக்குத் தப்பாப் பாத்துட்டேன்டா" என்றார்.

"பூமி தப்பாப் பாத்தானா!" வீரபத்திரன் எழுந்து நின்றே கேட்டான். சாயந்திரத்துக்குள் அது மஹ்மூதிடம் போய்விட்டது. அந்த வாரத்துக்குள் தொண்டி வரைக்கும் போய்விட்டது. பம்பு பூமி என்ற பெயர் அப்படி வந்தது. மஹ்மூது நாலு வேனில் இரண்டை வேறு மெக்கானிக்கிடம் மாற்றிக்கொண்டார்.

சதக்கத்துல்லா மறுபடி திருச்சிக்கு ஓட்டத் தொடங்கினார். முடுக்கில் ஐலசாச் சத்தம் நின்றது. எல்லாரும் பூமிநாதனின் அறியாமையைச் சொல்லிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவருக்கு வலி இருந்தது. அதைவிட மோசமாக, ஒரு வசதியும் இருந்தது. வேலை தெரியாதவன் என்ற பெயர் அவருடைய நிஜக் குற்றத்துக்கு நல்ல போர்வையாக இருந்தது. தண்டனை அனுபவிப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு அதற்குள் ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். அப்படியே ஆறு வருடம் போயிற்று.

2009-இல் அதே வெள்ளைக் கார் கொட்டகைக்கு வந்தது. ஓட்டி வந்தது உம்மு ஹபீபா. ஆர்.எஸ்.மங்கலத்தில் டீச்சராகச் சேர்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் சதக்கத்துல்லா, தாடி முழுக்க நரைத்து, அரைக்கைச் சட்டையில். வலது கை எல்லாரும் பார்க்கும்படி மெலிந்து தொங்கியது. வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். இனி மறைக்க ஒன்றும் இல்லை.

மஹ்மூதும் அங்கே இருந்தார். "என்ன சதக் காக்கா, பம்பு பூமிட்டயே வந்துட்டீகளா? பாத்து, எதையாச்சும் கழட்டிறப் போறாரு!"

வீரபத்திரன் வழக்கம்போலச் சிரித்தான். சதக்கத்துல்லா கையைத் தூக்கினார், இடது கையை. "அப்படிச் சொல்லாதீக மஹ்மூது. அன்னைக்குத் தப்பு என் பேருலதான். இந்தக் கைய மறைச்சேன். சொல்லியிருந்தா அவரு…"

பூமிநாதன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். அவர் முடிக்கட்டும் என்று ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருந்தால் போதும்; பழைய நல்ல பேர் திரும்பி வந்திருக்கும்.

"பாய் தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பம்பு நல்லதென்று தெரியும் என்பதை, ராக் போடாததை, இடது கையை, சொன்ன வார்த்தையை. ஸ்பேனரைப் பார்த்தே சொன்னார். முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை. வீரபத்திரன் வெல்டிங் கண்ணாடியை முகத்தில் இறக்கிக்கொண்டான். பற்ற வைக்கத்தான் இல்லை. மஹ்மூது செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

உம்மு ஹபீபா காரின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். வீட்டில் அவளிடம் யாரும் இதைச் சொன்னதில்லை போலும்.

"ஐலசா போட்டாங்கள்ல, அன்னைக்குப் பின் சீட்டுல நான் இருந்தேன்" என்றாள். "வாப்பாவுக்கு ஓட்டத் தெரியலன்னு ஸ்கூல்லயும் சொல்லிச் சிரிச்சாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். அது உங்களாலயா?"

"என்னாலதான்மா."

அவள் தலையை அசைத்தாள். கோளாறு என்ன என்று வாப்பா சொன்னார்: திருப்பும்போது பெல்ட் கீச்சிடுகிறது. பூமிநாதன் அவளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அவள் சாவியை அந்தக் கையில் கொடுக்கவில்லை. பானெட்டின் மேல் வைத்துவிட்டு, வாப்பாவை அழைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வேப்பமர நிழலுக்குப் போனாள். அவர்கள் சாலையைக் கடந்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, பூமிநாதன் சாவியை எடுத்தார்.